தாழை மரத்தடியில் தந்தை தமியான்

ஆலய விழா மலர் என்றால் அதில் ஆலயத்தின் வரலாறு இருக்கும். அடிக்கல் நாட்டிய ஆண்டு, கோபுரம் எழுந்த ஆண்டு, மணி வந்து சேர்ந்த நாள், பங்கை நடத்திய குருக்களின் பெயர் வரிசை ஆகிய யாவும் இருக்கும். இருக்க வேண்டியவையே. அந்தப் பெயர் வரிசையைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு நினைவு வருவதுண்டு. அதிலுள்ள ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டை விட்டு வந்தவர். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு பாயும் ஒரு தட்டும் இருந்திருக்கும். தாயின் கைச்சமையலும், பேசிச் சிரிக்க உடன்பிறந்தாரும் இருந்திருப்பர். அவற்றை விட்டுவந்து, பிறர் ஊர்த் தண்ணீரைக் குடித்து, பிறரோடு வாழப் பழகினார்கள்.

இப்பொன்விழா மலரில், அவ்வாறு வீட்டை விட்டுக் கடல் கடந்து போன ஒருவரின் வரலாற்றை எழுத எண்ணினோம். தொழுநோயாளரின் அப்போஸ்தலர் என்று உலகம் போற்றும் புனித தமியானே அவர். அவர் எவ்வாறு இறந்தார் என்பதை மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லும் சிறுவர்களும் அறிவர். அவர் எங்கே படுத்தார், எதை உண்டார், எது அவருக்குப் பழகிற்று, எது கடைசிவரை பழகவேயில்லை என்பதை நினைப்போர் சிலரே. அந்தப் பக்கத்தைத்தான் நாம் இங்கே சற்று விரிவாகக் காண விழைகிறோம்.

பிறந்த வீடு

பெல்ஜியம் நாட்டில், லூவெய்ன் நகருக்கு அருகே திரெமெலோ என்று ஒரு சிற்றூர். அங்கே 1840-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் ஜோசப் தெ வூஸ்தர் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். தந்தை பயிர்த்தொழிலும் தானிய வியாபாரமும் செய்தவர். செல்வக் குடும்பம் அல்ல. எனினும் உணவுக்கும் உடைக்கும் குறைவில்லாத வீடு. ஜோசப் நல்ல உடற்கட்டு உடையவர். வியாபாரத்தைப் பிற்காலத்தில் இவனே நடத்துவான் என்று தந்தை நம்பியிருந்தார்.

ஆனால் அவ்வீட்டில் தேவ அழைத்தல் ஏற்கெனவே நுழைந்திருந்தது. தமக்கையர் இருவர் கன்னியர் மடம் சேர்ந்தனர். அண்ணன் அகுஸ்த், இயேசு மரியாயின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்து பாம்பில் என்று பெயர் பெற்றார். 1859-இல் ஜோசப்பும் அதே சபையின் கதவைத் தட்டினார். இலத்தீன் கற்காதவர் என்பதால் அவரைக் குருமாணவராக அல்ல, உழைக்கும் சகோதரராகவே ஏற்றனர். அவர் முணுமுணுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் அண்ணனிடம் இலத்தீன் பயின்றார். அவர் தேறிய வேகத்தைக் கண்ட தலைவர்கள் அவரைக் குருத்துவப் படிப்புக்கு அனுமதித்தனர். சபையில் அவர் ஏற்ற பெயர் தமியான். அது நோயாளரைக் கூலி வாங்காமல் குணப்படுத்திய ஆதித் திருச்சபையின் மருத்துவப் புனிதர் ஒருவரின் பெயர்.

படிக்கும் நாளில் அவர் நாள்தோறும் ஒரு படத்தின் முன் முழந்தாளிட்டு, தம்மையும் தூர நாட்டுக்கு அனுப்புமாறு மன்றாடி வந்தார். அப்படத்தில் இருந்தவர் நமக்கு அந்நியர் அல்லர். நம் முத்துக்குளித்துறை மணலில் நடந்து, நம் முன்னோருக்குத் தமிழிலேயே செபம் சொல்லிக்கொடுத்த புனித சவேரியாரே அவர்.

அண்ணனுக்குப் பதில் தம்பி

1863-இல் அச்சபையார் பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் சிலரை அனுப்ப ஏற்பாடு செய்தனர். அதில் பாம்பில் அடிகளாரும் ஒருவர். பயண ஏற்பாடுகள் முடிந்த வேளையில், நோயாளரைச் சந்திக்கச் சென்ற அவரைக் கொடிய விஷக்காய்ச்சல் பற்றிக்கொண்டது. கட்டிலில் கிடந்த அண்ணனிடம் தம்பி ஒன்று கேட்டார்: உமக்குப் பதில் நான் போனால் உமது மனம் ஆறுமா என்பதே அக்கேள்வி. ஆறும் என்று தெரிந்ததும், அருகிலிருந்த அதிபரையும் தாண்டிப் பாரிசிலிருந்த சபையின் பெருந்தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதிவிட்டார். அப்போது அவர் இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. அந்தத் துணிச்சல் அங்கிருந்தோர் சிலருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அனுமதி வந்துவிட்டது.

புறப்படுமுன் ஷெர்பென்ஹேவல் மாதா திருத்தலத்தில் தாயைக் கண்டு விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 23. தாயும் மகனும் இவ்வுலகில் மீண்டும் சந்திக்கவில்லை.

பாய்மரக் கப்பலில் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி ஐந்து மாதங்களுக்குச் சற்றுக் குறைவான பயணம். 1864 மார்ச் 19-ஆம் நாள், தம் ஞானஸ்நானப் பாதுகாவலரான புனித சூசையப்பரின் திருநாளன்று, ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு மே 21-ஆம் நாள் அங்குள்ள சமாதான மாதா பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார்.

புளித்த கூழும் கழுதைப் பாதையும்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில், எரிமலைப் பிரதேசமான பூனாவில் அவரது பணி தொடங்கிற்று. ஓராண்டுக்குள் கோஹாலா, ஹமாகுவா என்னும் பரந்த பகுதிகள் அவர் பொறுப்பில் வந்தன. பங்கைச் சுற்றி வர வாரக்கணக்கில் ஆகும். பள்ளத்தாக்குகளில் சாலை இல்லை. குதிரையும் கோவேறு கழுதையும் போகாத இடத்தில் கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். திருப்பலிக்கு வேண்டிய பீடத்தையே சுமந்து செல்ல வேண்டும்.

உணவைச் சொல்வோம். அத்தீவினரின் அன்றாட உணவு நாம் சேப்பங்கிழங்கு என்று வாங்குகிறோமே, அதுதான். அதை அவித்து, கல்லில் இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கூழாக்குவார்கள். வீட்டார் அனைவரும் ஒரே மரச் சட்டியைச் சுற்றி அமர்ந்து விரலால் வழித்து உண்பார்கள். நம் ஊர்க் கேழ்வரகுக் கூழை அறிந்த நமக்கு இது வியப்பல்ல. கோதுமை அப்பமும் வெண்ணெயும் உண்டு, கத்தியும் முள்கரண்டியும் பிடித்து வளர்ந்தவருக்கோ எல்லாமே புதிது. தமியான் அடிகளார் கூழை உண்ணக் கற்றார். விரலால் உண்ணக் கற்றார். அம்மக்களின் மொழியைக் கற்று அதிலேயே பிரசங்கம் செய்தார். ஆலயம் இல்லாத இடங்களில் தாமே மரம் சுமந்து, தச்சு வேலை செய்து, சிற்றாலயங்களை எழுப்பினார். திரெமெலோ வீட்டில் வியாபாரத்துக்கு உதவ வேண்டிய அகன்ற தோள்கள் இங்கே உத்தரம் தூக்க உதவின.

இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் சென்றன. படுக்கையும் உணவும் பாதையும் அவருக்குப் பழகிவிட்டன. பழகாதது ஒன்றே ஒன்று, தனிமை. வேறொரு குருவைக் கண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமானால் நெடுவழி போக வேண்டும். இரவில் தனித்திருக்கையில் சோர்வும் இருண்ட நினைவுகளும் தம்மைச் சூழ்வதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புனிதர்களும் நம்மைப் போல் மனம் வாடியவர்களே என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரிக்கும் நோய்

அந்நாளில் ஹவாயில் தொழுநோய் வேகமாகப் பரவிற்று. அதற்கு மருந்து இல்லை. 1865-இல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவின் ஆட்சியில், நோயாளரைப் பிரித்து வைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்காகத் தெரிந்தெடுத்த இடம் மொலோக்காய் தீவின் வட பகுதியிலுள்ள ஒரு நிலத்துண்டு. மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் பக்கம் ஏறத்தாழ 2000 அடி உயரச் செங்குத்து மலை. சுவர் கட்டாமலே அமைந்த சிறை. 1866 சனவரியில் முதல் நோயாளர் அங்கே இறக்கப்பட்டனர். கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்ததால், அத்தீவினர் அந்நோய்க்குப் பிரிக்கும் நோய் என்றே பெயர் வைத்தனர்.

நோயாளர் தாமே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வர் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. விரல் மழுங்கியவர்கள் மண்ணைக் கொத்துவது எவ்வாறு? உணவும் துணியும் போதாமல் வந்தன. புல்லும் கிளையும் வேய்ந்த குடிசைகளில் மக்கள் கிடந்தனர். வலியவர் எளியவரைப் பறித்தனர்.

ஆயினும் அங்கே நன்மையே இல்லாதிருந்தது என்று சொல்வது நியாயமாகாது. நோயற்ற கணவரும் மனைவியரும், நோயுற்ற தம் துணையைத் தனியே அனுப்ப மனமின்றிக் கூடவே சென்று அங்கேயே வாழ்ந்தனர். அவர்களைக் கோகுவா என்பர். உதவி செய்வோர் என்று பொருள். 1866-இலேயே புரொட்டஸ்தாந்து நோயாளர் 35 பேர் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சபையை அமைத்துக்கொண்டனர். அன்புக்காகத் தாமே முன்வந்து அங்கே போனவர்களில் தமியான் அடிகளார் முதல்வர் அல்லர். அந்த எளிய மக்கள் அவருக்கு முன்னரே போயிருந்தனர்.

மரத்தடி வாசம்

1873 மே மாதத்தில் மாவி தீவில் ஓர் ஆலய மந்திரிப்புக்குக் குருக்கள் கூடியிருந்தனர். மேதகு ஆயர் மெகிரே மொலோக்காயின் நிலையைச் சொல்லி வருந்தினார். நான்கு குருக்கள் முன்வந்தனர். முறை வைத்துச் சில மாதங்களுக்கு ஒருவராகச் செல்வது என்று முடிவாயிற்று. முதல் முறை தமியான் அடிகளாருக்கு. மாற்றுடை எடுக்கவும் வீடு திரும்பாமல், ஏறத்தாழ வெறுங்கையராய், ஆயருடன் கப்பலேறினார். மே 10-ஆம் நாள் கலவாவோ கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. அங்கே இருந்த நோயாளர் ஏறத்தாழ 700 முதல் 800 பேர்.

புனித பிலோமினம்மாள் பெயரால் ஒரு சிறு மர ஆலயம் அங்கே முந்திய ஆண்டில் எழுப்பப்பட்டிருந்தது. குரு தங்க இல்லம் இல்லை. நோயாளரின் குடிசையில் தங்கலாகாது என்று அவருக்கு எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. ஆலயத்தின் பக்கத்தில் ஒரு மரம் நின்றது. அது நம் கடற்கரைத் தாழை மரத்தின் இனம். விழுதூன்றி நிற்கும் அந்த மரத்தடியே பல வாரங்கள் அவருக்குப் படுக்கையறை, உணவறை யாவுமாயிற்று. பிறகுதான் ஒரு சிறு பலகை வீடு எழும்பிற்று. முறை முடிந்து திரும்பும் நினைவோ அவருக்கு எழவில்லை. தாம் அங்கேயே இருக்க விரும்புவதாக விரைவில் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

மரத்தடியில் படுப்பது அவருக்குக் கடினமாக இல்லை. கடினமானது வேறு. புண்களின் நாற்றம் குடிசைகளிலும் ஆலயத்திலும் தாங்க முடியாதிருந்தது. திருப்பலி நடுவே மூச்சுத் திணறி, வெளியே ஓடிக் காற்று வாங்கலாமா என்று தவித்த நாள்கள் உண்டு. நாற்றம் உடையில் ஒட்டாதிருக்கப் புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார். தமக்கு அருவருப்பே வரவில்லை என்று அவர் ஒருபோதும் பாவனை செய்ததில்லை. அருவருப்பு வந்தது, அதோடே கிட்டே போனார்.

நோயாளர் சிலர் ஆலயத்துக்குள் வரக் கூசினர். வாயில் ஊறும் நீரை அடக்க முடியாமல் அடிக்கடி துப்ப வேண்டியிருந்ததே காரணம். அடிகளார் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பலகைத் தளத்தில் ஆங்காங்கே துளையிட்டு, இலையைச் சுருட்டிக் குழல் போல் வைத்து, அதன் வழியே துப்பிக்கொள்ள வகை செய்தார். அத்துளைகள் பிற்காலத்திலும் காணக் கிடந்தன. மறையுரை எவ்வளவோ கேட்டிருக்கிறோம். தச்சனின் துளைகருவியால் ஆற்றிய இந்த மறையுரைக்கு ஈடு எது?

பின்னர் அந்தக் கூழ்ச் சட்டி. நோயாளரின் குடிசையில் அவரையும் உண்ண அழைத்தனர். அத்தீவில் விருந்தை மறுப்பது பெரிய அவமதிப்பு. மழுங்கிய விரல்கள் தொட்ட சட்டியில் அவரும் விரலை இட்டு உண்டார். தம் புகைக்குழாயை அவர்கள் கேட்டபோது கொடுத்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். இது விவேகமா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கலாம். மருத்துவ முறைப்படி அது விவேகமன்று. ஆனால் எல்லாராலும் தள்ளப்பட்டவர்களிடம் நீங்கள் தள்ளப்பட்டவர்கள் அல்லர் என்று வாயால் சொன்னால் யார் நம்புவர்?

நாம் என்னும் சொல்

இங்கே ஒன்றைக் கூற விரும்புகிறோம். நம் தமிழில் நாங்கள் என்றும் நாம் என்றும் இரு சொற்கள் உண்டு. கேட்பவரை வெளியே நிறுத்துவது நாங்கள். கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது நாம். ஹவாய் மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. தமியான் அடிகளார் கலவாவோ சென்ற முதல் ஆண்டிலேயே தம் அண்ணனுக்கு ஒன்றை எழுதினார். பிரசங்கத்தில் தாம் மக்களைத் தனியே நிறுத்தி விளிப்பதில்லை என்றும், தொழுநோயாளராகிய நாம் என்று தம்மையும் சேர்த்தே பேசுவதாகவும் அதில் தெரிவித்தார். அவர் உடலில் நோய் தெரிந்தது 11 ஆண்டுகள் கழித்தே. அந்தச் சொல்லுக்குள் அவர் அதற்கு முன்னரே குடிபுகுந்துவிட்டார்.

அந்த நாம் வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. தண்ணீர் தொலைவிலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. அரசாங்கம் குழாய்களை அனுப்பியபோது, நடக்க இயன்ற நோயாளரைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கின் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் பதித்தார். புயலில் குடிசைகள் வீழ்ந்தபோது, மரம் வரவழைத்துப் பலகை வீடுகள் கட்டினார். அனாதைச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் இல்லங்கள் அமைத்தார். பாட்டுக் குழுவும் வாத்தியக் குழுவும் உண்டாக்கினார்.

முன்பு இறந்தவரைப் பாயில் சுற்றி ஆழமில்லாக் குழியில் இட்டு வந்தனர். அடிகளார் தாமே சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போட்டார். அடக்கம் இல்லாத வாரமே அரிது. அவர் கையால் செய்த பெட்டிகள் நூற்றுக்கணக்கானவை.

வீட்டு வசதி என்று நாம் எவற்றைச் சொல்கிறோம்? குடிநீர், கூரை, கூடிப் பாடும் நேரம், இறந்தால் மரியாதையான அடக்கம் ஆகியவைதாமே. தம் வீட்டில் இவற்றை விட்டுவந்தவர், இங்கே பிறருக்கு இவற்றைத் தேடித் தந்தார். தமக்கென்று வைத்துக்கொண்டது சிறிதே. 1884-இல் அங்கே சென்ற அமெரிக்க எழுத்தாளர் ஒருவர், வெளுத்துப்போன அங்கியும் உழைப்பால் கறுத்துக் காய்த்த கைகளுமாய் அவரைக் கண்டார். அடிகளார் ஒரு கை தானியம் இறைத்ததும் கோழிகள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டனவாம். பயிர்க்குடியில் பிறந்தவருக்கு அந்தக் கோழிகளே பிறந்த வீட்டின் மிச்சம்.

பழகாத ஒன்று

இத்தனை பழகியவருக்கும் பழகாதது முன் சொன்ன அதே தனிமைதான். முதல் ஆண்டில் அரசாங்கம் அவர் அவ்விடத்தை விட்டு வெளியேறக் கூடாதென்று கண்டிப்புச் செய்தது. சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, கப்பல் தலைவன் அவரைக் கரையிறங்க விடவில்லை, அடிகளாரை மேலேற விடவுமில்லை. சிறு படகில் நின்றபடி, மேலே கப்பல் ஓரத்தில் நின்றவரை நோக்கி, பிரெஞ்சு மொழியில் உரக்கத் தம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவமன்னிப்புப் பெற்றார். மரச் சல்லடைக்குப் பின்னே யாருக்கும் கேளாமல் அறிக்கையிடும் வசதி நமக்கு இருந்தும், வரத் தயங்கி மாதக்கணக்கில் கடத்துகிறோமே! கண்டிப்புப் பின்னர் தளர்ந்தது. மலையேறித் தீவின் மேற்புறத்து மக்களையும் சந்தித்து, அங்கும் ஆலயங்கள் கட்டினார்.

உதவிக்கு இடையிடையே குருக்கள் வந்ததுண்டு. உண்மையைச் சொன்னால், அவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. இரு தரப்பிலும் குறை இருந்தது. அடிகளார் பிடிவாதக்காரர், சட்டென்று கோபம் கொள்பவர். ஓயாமல் உழைப்பவருக்கு உடன் உழைப்பவரின் மெதுவான நடை பொறுக்காது. அவர் புகழ் வெளிநாடுகளில் பரவிப் பணம் வந்து சேர்ந்தபோது, தலைவர்களோடும் மனத்தாங்கல் உண்டாயிற்று. இவற்றை மறைத்துப் பொற்சிலையாக நிறுத்தினால் அது அவர் வரலாறாகாது. அந்தச் சுபாவத்தோடுதான் அவர் புனிதரானார்.

1884 டிசம்பரில் ஒரு நாள், களைத்த கால்களை வெந்நீரில் வைத்தார். தோல் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. பொருள் அவருக்கு விளங்கிற்று. மருத்துவர்களும் உறுதி செய்தனர். 1885-இல் உடனிருந்த குருவும் சென்றுவிட, அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் வாழ்விலேயே கடினமானவை. பாவசங்கீர்த்தனத்துக்காக ஹொனலூலு வர அவர் கேட்ட அனுமதி தயக்கத்தோடே கிடைத்தது. 1886-இல் தாயார் காலமானார். கூடவே இருந்த ஒரே துணை திவ்விய நற்கருணை. நற்கருணைப் பேழையின் அருகிருப்பு இல்லாவிடில் தம்மால் அங்கே நிலைத்திருக்க இயலாது என்று அவரே எழுதினார்.

துணைவர் வந்தனர்

1886 சூலையில் ஜோசப் டட்டன் என்னும் அமெரிக்கர் கலவாவோவில் வந்திறங்கினார். போர்வீரராய் இருந்து மனந்திரும்பியவர். சம்பளம் கேட்காமல் வந்த அவர் 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கே தொண்டு செய்தார். 1888-இல் கொன்றார்தி அடிகளார் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் புனித பிரான்சிஸ்கு சபைக் கன்னியர், அன்னை மரியான் கோப் தலைமையில் வந்து சேர்ந்தனர். பிள்ளைகளைக் காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று அடிகளார் நிம்மதியடைந்தார். அந்த அன்னையும் 2012-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1889 ஏப்ரல் 15, பரிசுத்த வாரத் திங்கட்கிழமை. தந்தை தமியான் தமது 49-ஆம் வயதில் ஆண்டவரில் துயின்றார். அவர் கேட்டுக்கொண்டபடியே, வந்த நாளில் தமக்கு நிழல் தந்த அந்தத் தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தனர்.

1936-இல் அவரது உடலைப் பெல்ஜியம் நாட்டார் மரியாதையோடு கொண்டுசென்று லூவெய்னில் வைத்தனர். கலவாவோ மக்களுக்கு அது பெரும் துயரம். 1995-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபின், அவரது வலக்கையின் எலும்புகள் மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பி வந்து பழைய கல்லறையில் வைக்கப்பட்டன. புண் கட்டிய கை, பெட்டி செய்த கை, கூழ்ச் சட்டியில் நுழைந்த கை தன் ஊருக்கே வந்துவிட்டது. 2009 அக்டோபர் 11-ஆம் நாள் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கலவாவோவில் இறங்கிய மே 10-ஆம் நாளே அவரது திருநாள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். முதலில் போகவேண்டியிருந்த அண்ணன் பாம்பில் அடிகளார், தம்பி இறந்தபின், 1895-இல் மொலோக்காய்க்கு வந்தார். 60 வயதை நெருங்கிய காலம். அங்கே நெடுநாள் நிலைத்திருக்க இயலாமல் தாய்நாடு திரும்பினார். அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். தம்பிக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்தவர் அவர். தம்பியின் கடிதங்களை உலகம் அறியச் செய்தவர் அவர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு என்ன?

தமியான் அடிகளார் மொலோக்காயில் இறங்கிய அதே 1873-ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இன்று அந்நோயை மாத்திரைகளால் முற்றிலும் குணப்படுத்தலாம். ஹவாயின் பிரித்துவைக்கும் சட்டம் 1969-இல் நீக்கப்பட்டது. ஆயினும் குணமான பின்னரும் அவர்களோடு ஒரே பந்தியில் அமரத் தயங்குவோர் நம்மிடையே உண்டு. நாங்கள், நீங்கள் என்று பிரிக்கும் அந்தப் பழைய நோய்க்கு மாத்திரை கிடையாது.

பிறந்த வீட்டை விட்டு வடநாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் பிற தேசங்களிலும் தொண்டாற்றும் குருக்களும் கன்னியரும் செவிலியரும் நம் தமிழ்ப் பங்குகளிலிருந்து போனவர்கள் பலர். அங்குள்ள உணவையும் குளிரையும் மொழியையும் அவர்கள் சில மாதங்களில் பழகிவிடுவர். தமியான் அடிகளாரின் வரலாறு நமக்குச் சொல்வது, பழகாதது எது என்பதையே. அதைத் தீர்ப்பது அவர்கள் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, பொன்விழா ஆண்டில் நாம் ஒன்று செய்வோம். நம் குடும்பத்திலிருந்தோ தெருவிலிருந்தோ அவ்வாறு போன ஒருவரை நினைத்து, ஊர்ச் செய்திகளெல்லாம் நிரப்பி ஒரு கடிதம் எழுதுவோம். யார் வீட்டில் திருமணம், யார் தோட்டத்தில் மழை பெய்தது, விழாவில் கொடியேற்றியது யார் என்று எழுதுவோம். நம் பங்கில் பணிபுரியும் குருவையும் கன்னியரையும் ஒரு நாள் நம் வீட்டில் உண்ண அழைப்போம். அவர்களும் யாரோ ஒரு தாய் வழியனுப்பி வைத்த பிள்ளைகளே.

தாழை மரத்தடியில் படுத்துறங்கிய புனித தமியானே, வீட்டை விட்டுத் தூரத்தில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்காகவும், அவர்களை மறந்துவிடும் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.